குருணையும் கூரும்

(ஆயுத பூசைக்கு முந்திய வாரம் மலேசியாவின் குருணில், ஒரு கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைக்க வந்த தம்பி, "ஐயா, ஆயுத பூசை வருது, அதையொட்டி ஏதாவது பேசுங்க" என்றார். சரி என்றேன். "என்ன தலைப்புன்னு நோட்டீசில் போடுறது?" என்று கேட்டார். "கத்தி தேய்க்கிற பெல்ட்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. துர்க்கையைப் பற்றியோ சரஸ்வதியைப் பற்றியோ பேசுவேன் என்று நினைத்திருப்பார். அதைப் பேச என்னைவிடத் தகுந்தவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் முப்பத்தொரு வருஷம் தோட்டத்துப் பட்டறையில் இரும்போடு கிடந்தவன். எனக்குத் தெரிந்த ஆயுதங்கள் பாராங் கத்தி, ரப்பர்ப் பால் வெட்டுகிற உளி, செம்பனை அரிவாள். இந்த மூன்றுக்கும் வருஷத்தில் ஒரு நாள் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோம். மிச்சமுள்ள 364 நாளும் அவற்றை என்ன பாடு படுத்துகிறோம் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

குருண் என்றால் மலாயில் பாலைவனம். ஜெராய் மலையடியில், மத்தியானம் ஆனால் மேகம் இறங்கிவிடுகிற இந்த ஊருக்கு அப்படி ஒரு பேர். நம் காதுக்கு அந்தப் பேர் வேறு மாதிரிக் கேட்கும். அரிசி புடைக்கும்போது முறத்தில் ஒதுங்குகிற நொறுங்கலைக் குருணை என்போம் இல்லையா? சாணைக்கல்லிலும் மணல்தாளிலும் பெல்ட்டிலும் ஒட்டியிருக்கிற ஒவ்வொரு பொடியும் அப்படி ஒரு குருணைதான். கடைக்காரர் 'கிரிட்' என்பார். நான் குருணை என்றே சொல்லப் போகிறேன். ஊர்ப் பேருக்கும் இந்தக் குருணைக்கும் எந்த உறவும் கிடையாது. நாளைக்கு யாராவது இதை வைத்துக் கட்டுரை எழுதிவிட்டால் நான் பொறுப்பில்லை.

உண்மையாகவே உறவுள்ள சொல் ஒன்று இருக்கிறது. அது குருந்தம். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் பாறையோடு பாறையாகக் கிடக்கும் கல். வைரத்துக்கு அடுத்த கடினம் அதற்கு. கெம்பும் நீலமும் அந்தக் குடும்பத்துப் பணக்காரப் பிள்ளைகள், மோதிரத்துக்குப் போய்விட்டன. நிறம் மங்கிய ஏழைக் குருந்தம் சாணைக்கு வந்தது. அதைப் பொடித்து, உருக்கிய அரக்கில் கலந்து, வட்டமாக வார்த்து, நடுவில் அச்சைக் கொடுத்தால் சாணைச் சக்கரம். "சாணை பிடிக்கலையா, சாணை" என்று தோளில் சட்டத்தைச் சுமந்துகொண்டு தெருவில் வந்த ஆளைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தச் சக்கரத்துக்கு மூதாதை இதுதான்.

1798இல் சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர், ஆசியாவிலிருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். நம்முடைய குருந்தம் அவர்கள் நாக்கில் கொரண்டம் ஆனது. இங்கிலீஷ் அகராதியைப் புரட்டினால் அந்தச் சொல்லுக்கு வேர் தமிழ் என்றே போட்டிருக்கும். பிறகு 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சேசன் என்பவர் செயற்கை வைரம் செய்கிறேன் என்று களிமண்ணையும் கரியையும் சேர்த்து மின்சாரத்தில் சுட்டார். வைரம் வரவில்லை. மின்னுகிற கடினமான படிகம் ஒன்று வந்தது. கார்பனும் கொரண்டமும் கலந்த பொருள் என்று தவறாக நினைத்து 'கார்போரண்டம்' என்று பேர் வைத்துவிட்டார். அதில் இருந்தது சிலிக்கனும் கார்பனும்தான், கொரண்டம் துளிகூடக் கிடையாது. பேர் மட்டும் நின்றுவிட்டது, கம்பெனிக்கும் அதே பேர். செட்டிநாட்டுப் பள்ளத்தூரிலிருந்து போய் 1900இல் பர்மாவில் மௌல்மீனில் வட்டித்தொழில் தொடங்கிய முருகப்பச் செட்டியார் குடும்பம், 1954இல் அந்த அமெரிக்கக் கம்பெனியோடும் ஓர் ஆங்கிலக் கம்பெனியோடும் கூட்டுச் சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சலை ஆரம்பித்தது. ஆக, கொங்கு மண்ணில் கிடந்த சொல் லண்டன் போய், அமெரிக்கா போய், வேறு பொருளின் மேல் ஏறி உட்கார்ந்து, திருவொற்றியூர்த் தொழிற்சாலை வாசலில் பலகையாக வந்து நின்றது. கூலிக்கு வந்த நம் தாத்தாமார் செய்த பயணத்தைவிட நீளம்.

இரும்பும் நமக்கு எட்டாத சங்கதி இல்லை. ஜெராய் மலைக்கு அந்தப் பக்கம், பீடோங் தாண்டிச் சுங்கை பத்துவில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டிக் காட்டியிருக்கிறார்கள். இரும்பு உருக்கிய உலைகள், கசடு, துருத்திக் காற்று போகிற களிமண் குழாய்கள் குவியல் குவியலாக வந்தன. எவ்வளவு பழசு என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு இருக்கிறது. பதினைந்து நூற்றாண்டுக்குக் குறையாது என்பதில் வழக்கில்லை. கடாரம் என்று சோழன் கல்வெட்டில் வெட்டிய நாட்டில், ராஜேந்திரன் படை வந்த 1025க்கு முன்பே இங்கே ஒருவன் வியர்க்க வியர்க்க இரும்பை உருக்கிக்கொண்டிருந்தான். அவனும் ஏதோ ஒரு கல்லில் கத்தியைத் தேய்த்திருப்பான்.

சரி, பெல்ட்டுக்கு வருகிறேன்.

நான் பட்டறையில் சேர்ந்தபோது இருந்தது ஒரு கல் சக்கரம், இரண்டு அரம், ஒரு தீட்டுக்கல். பெல்ட் மெஷின் பின்னால் வந்தது. இரண்டு அங்குல அகலம், 72 அங்குல நீளம் உள்ள ஒரு மணல் வார், மூன்று சக்கரத்தைச் சுற்றி ஓடும். இப்போது இந்த வட்டாரத்து இளைஞர்கள் சிலர் பழைய வாஷிங் மெஷின் மோட்டாரை வைத்தே வீட்டில் கட்டிவிடுகிறார்கள். பாராட்டுகிறேன். மெஷினைக் கட்டிய பிறகு எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. அதை நானும் செய்தேன்.

லோரி ஸ்பிரிங் பட்டை ஒன்றை அடித்து எனக்கென்று ஒரு பாராங் செய்தேன். ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகு. நூற்றுக்கு அரைப்பங்குக்குச் சற்று மேல் கரி, கொஞ்சம் குரோமியம். தோய்ச்சல் கொடுத்தால் நன்றாக ஏறும். அடித்து, சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூடு காட்டி, எல்லாம் முறையாகச் செய்தேன். கடைசியில் வாய் தேய்க்க வேண்டும். மெஷினில் 60ஆம் நம்பர் பெல்ட் ஒன்று கிடந்தது. மூன்று மாசம் ஓடியது. தடவிப் பார்த்தால் கன்னம் மாதிரி வழுவழு. புதுப் பெல்ட் டப்பாவில் இருந்தது, அதுவும் 36. "இது சொரசொரன்னு கத்தியைக் கீறிடும், பழசே மெதுவாத் தேய்க்கட்டும்" என்று நினைத்தேன். காசும் மிச்சம். ஒரு மணி நேரம் தேய்த்தேன். பெல்ட் அறுக்கவில்லை, அதனால் அழுத்தினேன். அழுத்த அழுத்தச் சூடு. வாயோரத்தில் முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் மயில் கழுத்து நீலம். பார்க்க அழகாகவே இருந்தது. அடுத்த வாரம் மூங்கில் வெட்டப் போனேன். நாலாவது வெட்டில் வாய் மடிந்துவிட்டது, தகரம் மடிகிற மாதிரி.

நீலம் வந்தால் அந்த இடத்தில் எஃகு முந்நூறு டிகிரியைத் தொட்டுவிட்டது என்று கணக்கு. இருநூறு டிகிரியில் பதப்படுத்திய கடினம் அங்கே இறங்கிப்போயிற்று. மேலே உள்ள நீலத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம். உள்ளே போன மென்மையை எடுக்க முடியாது. மறுபடி உலையில் வைத்துத் தோய்ச்சல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மென்மையான பகுதி முழுவதையும் தேய்த்துத் தள்ள வேண்டும்.

அந்தப் பாராங்கை ஆறு மாசம் ஆணியில் தொங்கவிட்டிருந்தேன். அப்புறம்தான் புத்தி வந்தது. முரட்டுக் குருணையைக் கண்டு நாம் பயப்படுகிறோம். தேய்ந்த பெல்ட்டின் மேல் இரக்கப்படுகிறோம். இரண்டும் தலைகீழ். கத்தியை எரித்தது முரடு இல்லை, என் சிக்கனம்.

ஏன் என்று கேளுங்கள். கூர் உள்ள குருணை ஒவ்வொன்றும் ஒரு குட்டி உளி. இரும்பைச் சீவி எடுக்கிறது. அந்தச் சீவல் போகும்போது சூட்டில் பெரும்பங்கைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. பொறியாகப் பறப்பது அதுதான். மொட்டையான குருணை சீவாது, உரசும். சீவல் இல்லை, ஆகவே சூடு போக வழி இல்லை, கத்திக்குள்ளேயே இறங்குகிறது. குளிரில் இரண்டு கையையும் தேய்த்துக்கொள்கிறோமே, அதே வேலை. பொறி குறைந்து சத்தம் கூடினால் பெல்ட் செத்துவிட்டது என்று பொருள். செத்ததை இறக்கிவிடுங்கள்.

நம்பர் விஷயம். அடுப்படியில் இருக்கிற தாய்மார்களுக்கு இது சுலபமாகப் புரியும். குருணையைச் சல்லடையில் சலித்துத்தான் பிரிக்கிறார்கள். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண் என்பதிலிருந்து வந்தது நம்பர். கண் கூடக் கூடப் பொடி நைசு. அதனால்தான் சின்ன நம்பர் பெரிய குருணை. 36 என்றால் ஒரு குருணை அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கிட்டத்தட்டச் சீனி. 60 என்றால் கால் மில்லிமீட்டர், தூள் உப்பு. 120 என்றால் அதிலும் பாதி, கொஞ்சம் கரகரப்பாக அரைத்த அரிசி மாவு. சில பெல்ட்டில் நம்பருக்கு முன்னால் 'பி' என்று போட்டிருக்கும். அது ஐரோப்பிய அளவு. முரட்டுக் குருணையில் அந்த வித்தியாசத்துக்காகத் தூக்கம் கெட வேண்டாம். நானூறு, அறுநூறு என்று நைசுக்குப் போனால்தான் ஒரு நாட்டு நம்பரும் இன்னொரு நாட்டு நம்பரும் விலகிப்போகும்.

கத்தியின் உருவத்தை முடிவு செய்வது 36தான். மிச்ச பெல்ட்டுகள் எல்லாம் 36 போட்ட கோட்டை அழிக்க வந்த வேலைக்காரர்கள். சரிவு எங்கே தொடங்கி எங்கே முடியணும், இரண்டு பக்கமும் சமமா, முதுகு எவ்வளவு தடிப்பு, எல்லாம் முரட்டுப் பெல்ட்டில் முடிந்துவிட வேண்டும். அதில் விட்ட கோணலை 120இல் திருத்தப் போனவர்கள் பொழுது சாயும்வரை மெஷின் முன்னால் நிற்பார்கள். கடைசியில் நீலமும் வாங்குவார்கள். 36க்குப் பிறகு 60, பிறகு 120, தோட்டத்துப் பாராங்குக்கு அதுவே அதிகம். சமையல் கத்திக்கு 240 வரை போகலாம். ஒவ்வொரு பெல்ட் மாற்றும்போதும் கத்தியைப் பிடிக்கிற சாய்வைக் கொஞ்சம் மாற்றுங்கள். பழைய கீறல் ஒரு திசையில், புதுக் கீறல் ஒரு திசையில் தெரியும். பழசு ஒன்றுகூட மிச்சமில்லை என்றால்தான் அடுத்த நம்பர். அவசரப்பட்டுத் தாண்டினால் 36இன் கீறல் கடைசிவரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும், மெருகு போட்ட பிறகு இன்னும் தெளிவாகத் தெரியும்.

இரண்டு பக்கமும் சமமாக வரவில்லை என்று தம்பிகள் வந்து முறையிடுவார்கள். கோடு போடாமல் தேய்த்தால் எப்படி வரும்? ஒரு சின்ன உபாயம் சொல்கிறேன், காசு கிடையாது. எஃகு எவ்வளவு தடிப்போ அதே தடிப்புள்ள ட்ரில் பிட் ஒன்றை எடுங்கள். சமமான பலகை மேல் கத்தியைப் படுக்கவைத்து, ட்ரில் பிட்டையும் பக்கத்தில் படுக்கவைத்து, அதன் முனையால் வாயோரம் நெடுக ஒரு கீறு. முனை சரியாக நடுவில்தான் இருக்கும், ஆகவே கோடும் நடுவில் விழும். மார்க்கர் பேனாவால் வாயில் மை பூசிவிட்டுக் கீறினால் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று தேய்த்து வாருங்கள்.

தோய்ச்சலுக்கு முன் வாயைக் காகிதம் மாதிரி மெலிக்க வேண்டாம். ஒன்றரை மில்லிமீட்டராவது விடுங்கள். மெலிந்த வாய் எண்ணெயில் இறங்கும்போது வளையும், சில சமயம் 'டிக்' என்று வெடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். தோய்ச்சலுக்குப் பிறகு தேய்க்கும்போது கையில் உறை போடாமல் பிடியுங்கள். விரல் சுடுகிறது என்றால் கத்தியும் சுடுகிறது, உடனே தண்ணீர் வாளியில் முக்குங்கள். உறை போட்டால் அந்தச் சேதி கைக்கு வராது. உறை பெல்ட்டில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும், அது வேறு.

இனி எந்தச் சாமான் வாங்குவது. கடையில் மூன்று வகை தொங்கும். அலுமினியம் ஆக்சைடு, ஜிர்கோனியா, செராமிக். முதலாவது நம் குருந்தமேதான், தொழிற்சாலையில் செயற்கையாகச் செய்தது. விலை மலிவு, மரத்துக்கும் சாதா இரும்புக்கும் போதும். அதன் குருணை மெல்ல மெல்லத் தட்டையாகத் தேய்ந்து மொட்டையாகிவிடும். ஜிர்கோனியா அழுத்தினால் உடைந்து புது விளிம்பு காட்டும். செராமிக் அதற்கும் மேல். 3எம் கம்பெனி 1981இல் கியூபிட்ரான் என்ற பேரில் கொண்டுவந்த வகை. உருக்காமல், கூழ் மாதிரி ஆக்கி உலர்த்திச் சுடுவது. ஒவ்வொரு குருணைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பல்லாயிரம் படிகம். அழுத்தம் பட்டால் துளித்துளியாக உதிர்ந்து, உதிர்ந்த இடம் மறுபடி கூராக நிற்கும். விலை மலிவுப் பெல்ட்டைப் போல மூன்று மடங்கு இருக்கலாம், என் அனுபவத்தில் அதைவிட அதிக நாள் உழைக்கிறது.

ஆனால் ஒரு சங்கதி. செராமிக்கைத் தடவிக் கொடுத்தால் அது வேலை செய்யாது. அழுத்தம் இல்லாவிட்டால் குருணை உடையாது, உடையாவிட்டால் மொட்டையாகி மினுங்கும். அரைக் குதிரைசக்தி வாஷிங் மெஷின் மோட்டாரில் அழுத்தினால் மோட்டார் நின்றுவிடும். அந்தத் தம்பிகள் விலை கொடுத்துச் செராமிக் வாங்குவதைவிட ஜிர்கோனியா வாங்குவது நல்லது என்பது என் கட்சி. வேகத்தையும் கணக்குப் பாருங்கள். நம் மின்சாரத்தில் ஓடும் மோட்டார் நிமிஷத்துக்கு 1400 சுற்று ஒரு வகை, 2800 சுற்று ஒரு வகை. நூறு மில்லிமீட்டர் சக்கரத்தை 1400இல் போட்டால் பெல்ட் விநாடிக்கு ஏழு மீட்டர்தான் ஓடும். அது தீட்டுவதற்கு நல்ல வேகம், முரட்டு வேலைக்கு ஆமை. அதையே 150 மில்லிமீட்டர் சக்கரமாக்கி 2800இல் ஓட்டினால் 22 மீட்டர். முரட்டுக் குருணைக்கு வேகம் வேண்டும், நைசுக் குருணைக்கு நிதானம் வேண்டும்.

நிறத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். சிவப்பு என்றால் செராமிக், நீலம் என்றால் ஜிர்கோனியா என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். நிறம் பசையில் கலக்கிற சாயம். யாரும் எதையும் சிவப்பாக்கலாம். பெல்ட்டின் முதுகில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். கூடவே முதுகுத் துணியை மடக்கிப் பாருங்கள். முரட்டுக் குருணைக்கு விறைப்பான துணி வேண்டும், துவள்கிற மெல்லிய துணியில் 36 ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள்.

பாலைவனம் என்று பேர் வைத்த ஊரில் ஈரம்தான் பெல்ட்டுக்கு எமன். ஒருமுறை ஒரு கடையில், வாசலில் ஆணியில் மாட்டியிருந்த பெல்ட்டை மலிவு என்று வாங்கினேன். சாரல் குடித்துக் குடித்து எத்தனை மாசம் தொங்கியதோ. ஓட்டிய அன்றைக்கே ஒட்டுப் பிரிந்து, சாட்டை மாதிரி மணிக்கட்டில் அடித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது, பக்கத்தில் வந்தால் காட்டுகிறேன். கடையைச் சொல்லி என்ன பயன், பார்க்காமல் வாங்கியது நான். துணி ஈரம் குடித்தால் நீளும், சுருளும், ஒட்டு தளரும். வீட்டில் ஆணியில் மாட்டாதீர்கள், ஆணி பட்ட இடத்தில் மடிப்பு விழும், அந்த மடிப்பில்தான் பின்னால் அறும். நாலங்குல பிவிசி குழாய்த் துண்டைச் சுவரில் பதித்து அதில் மாட்டுங்கள். உள்பக்கம் ஓர் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில்தான் ஓட்ட வேண்டும். எதிர்த்திசையில் ஓட்டினால் ஒட்டின் விளிம்பில் கத்தி மாட்டி உரித்துவிடும்.

புதுப் பெல்ட் போட்டவுடனே பட்டையின் கூரான மூலையை அதில் வைக்காதீர்கள். நல்ல குருணையை வேரோடு பிடுங்கிவிடும். பழைய பெல்ட்டில் மூலையைக் கொஞ்சம் மழுக்கிவிட்டு, அப்புறம் புதுசுக்குப் போங்கள். உலையிலிருந்து வந்த பட்டையில் கறுப்புச் செதில் படிந்திருக்கும், அது எஃகைவிடப் பொல்லாதது. ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டுக் காலையில் கம்பித் தூரிகையால் தேய்த்தால் விட்டுவிடும். பழைய பெல்ட்டைத் தூக்கிப் போட மனசு வராதவர்களுக்கு இதோ உங்கள் வேலை: மூலை மழுக்கு, செதில் எடு, மரப்பிடி தேய். கத்தி வாயை மட்டும் அதனிடம் காட்டாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம் வீட்டுப் பொருள். மரப்பிடியோ அலுமினியமோ தேய்த்துப் பெல்ட் அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்ய ஒரு கட்டி விற்கிறார்கள். ஓடுகிற பெல்ட்டில் அதை வைத்தால் அடைப்பைப் பிடுங்கிக்கொண்டு வரும். பளபளப்புத் தாள் சுற்றி, வெளிநாட்டுப் பேர் போட்டு வரும். அது என்ன தெரியுமா? கிரேப் ரப்பர். நம் அம்மாமார் இருட்டில் எழுந்து வெட்டிய கித்தாப் பாலில் செய்கிற அதே கிரேப். அடைப்பை எடுக்கும், அவ்வளவுதான். மொட்டைக் குருணைக்குக் கூர் கொடுக்காது.

கித்தா என்றதும் உளி ஞாபகம் வந்துவிட்டது. இங்கே முன்வரிசையில் இருக்கிற அக்காமார் பலர் நிரை பிடித்தவர்கள். பால் குழாய்கள் பட்டைக்குள் சற்றே சாய்ந்து ஓடுகின்றன, அவற்றை நிறைய அறுக்கத்தான் இடது மேலிலிருந்து வலது கீழாக வெட்டு. ஒரு வெட்டுக்கு எடுக்கிற பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. உள்ளே மரத்தைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் விட வேண்டும். தலைவிளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், நூற்றுக்கணக்கான மரத்தில் இதைச் செய்தார்கள். இதைத் திறனில்லாத வேலை என்று எழுதிவைத்த துரைமார் ஒரு மரம் வெட்டிப் பார்த்திருக்க வேண்டும். மழுங்கிய உளி பட்டையைச் சீவாது, இழுக்கும். இழுத்தால் அழுத்துவோம், அழுத்தினால் மரத்தில் காயம், காயத்துக்குக் கங்காணியின் வசவு. அதனால் என் அப்பா விடிகாலை நாலு மணிக்கு, தேநீருக்கு முன்னாலேயே வாசலில் உட்கார்ந்து தீட்டுவார். அந்தச் சர் சர் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன்.

அந்த உளியைப் பெல்ட்டில் வைக்காதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அதன் மடிந்த வாய்க்குள் பெல்ட் நுழையாது, வெளிப்பக்கத்தை மட்டும் தின்றுவிட்டு வளைவைக் கெடுத்துவிடும். அதற்குத் தீட்டுக்கல்லும் பொறுமையும் மட்டும்தான். செம்பனை அரிவாளுக்கும் உள்வளைவில்தான் கூர். சின்னச் சக்கரம் இருந்தால் மெஷினில் செய்யலாம், இல்லாவிட்டால் அரைவட்ட அரம் போதும். வள்ளுவரே மூன்று குறளில் அரத்தைக் கொண்டுவருகிறார். ஒன்றில் அது பொன்னைத் தேய்க்கிறது, ஒன்றில் கொடுங்கோலன் பலத்தைத் தேய்க்கிறது, ஒன்றில் கூர்மைக்கே உவமையாக நிற்கிறது. அரத்தைக் கேவலமாக நினைக்க வேண்டாம்.

பாராங்குக்குப் பெல்ட்டில் வாய் வைக்கும்போது, பின்பலகை இல்லாத தொய்வான இடத்தில் வையுங்கள். பெல்ட் கொஞ்சம் குழைந்து வாயைக் குண்டாக்கும். மரத்தில் ஓங்கி வெட்டினாலும் அந்தக் குண்டு வாய் பல் விடாது. பெல்ட் ஓடுகிற திசைக்குக் கூர் எதிராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொய்வில் எதிராக வைத்தால் கத்தி பெல்ட்டையே அறுத்துக்கொண்டு போகும். கடைசியில் மறுபக்கம் விரலை வெளிநோக்கித் தடவினால் பிசிறு தட்டும். நெடுகப் பிசிறு வந்தால் நிறுத்திவிடலாம். பழைய தோல் இடுப்புவாரில் நாலு இழுப்பு இழுத்தால் பிசிறு போய்விடும்.

கடைசியாக மூக்கைப் பற்றி. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்று ஓர் ஊர், உலகத்துக்கே கத்தி கொடுத்த ஊர். அங்கே மணற்கல் சக்கரத்தில் கத்தி தேய்த்தவர்கள் தூசியைச் சுவாசித்து, நுரையீரல் கல்லாகி, இளவயதிலேயே செத்தார்கள். அவர்கள் நோய்க்கு 'தேய்ப்பவர் ஆஸ்துமா' என்றே பேர். நம் பெல்ட்டில் மணற்கல் இல்லை, ஆனாலும் குருணைத் தூளும் பசைத் தூளும் எஃகுத் தூளும் நுரையீரலுக்குச் சொந்தமில்லை. கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்பது நம் ஆட்களின் பழக்கம். போதாது. என்95 மூக்குக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி, இரண்டும் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். சாரம் கட்டிக்கொண்டு மெஷின் முன்னால் நிற்காதீர்கள், நுனி மாட்டினால் அவ்வளவுதான். பொறி பறக்கிற பக்கம் மரத்தூள் இருக்கக் கூடாது. எஃகுப் பொறியும் மரத்தூளும் ஒரே வாளியில் சேர்ந்தால் ராத்திரி யாரும் இல்லாதபோது புகையும்.

நான் ஆணியில் தொங்கவிட்டிருந்த பாராங்கை என்ன செய்தேன் என்று பின்னால் நிற்கிற தம்பி கேட்கிறார். மறுபடி உலையில் வைத்தேன், தோய்ச்சல் கொடுத்தேன், புது 36 போட்டேன். இருபது நிமிஷத்தில் சரிவு முடிந்துவிட்டது, எங்கேயும் நிறம் மாறவில்லை. இன்றைக்கும் அதில்தான் வீட்டில் தேங்காய் உரிக்கிறோம், என் வீட்டுக்காரம்மா என்னைத் தொடவிடுவதில்லை.

வாசல் மேசையில் மூன்று பெல்ட் வைத்திருக்கிறேன்: புது 36, புது 120, செத்துப்போன 60. போகும்போது மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து பட்டறை திறந்திருக்கும். பூசைக்கு வைக்கிற கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். பெல்ட் என் செலவு, மூக்குக்கவசம் நீங்கள் வாங்கி வர வேண்டும்.